கேட்காமல் விட்ட காசு

ஜே.ஆர். எண்டவுடன எங்களுக்கு முதல்ல ஞாபகம் வாறது 1981இல் எரிந்த நூலகமும் 1983 யூலையும்தான். யப்பானில் கதை வேறு. காமகுரா பெரிய புத்தர் கோயில் வளவில் அவருக்கு நினைவுக்கல்லே இருக்கிறது.

காரணம், 1951 செப்டெம்பர் 6இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், அப்போது நிதி அமைச்சராக இருந்த அவர் பேசிய பேச்சு. குண்டுவீச்சு, படைகள் வந்து தங்கியது, நேசநாடுகளுக்காக இறப்பர் மரங்களை அளவுக்கு மீறி வெட்டிப் பால் எடுத்தது (மலாயா விழுந்த பிறகு அவர்களுக்கு இலங்கை இறப்பர்தான் கதி), இவற்றுக்கெல்லாம் இழப்பீடு கேட்க எங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் கேட்கமாட்டோம் என்றார். பகை பற்றிய புத்தரின் போதனையையும் துணைக்கு அழைத்தார்.

பெருந்தன்மைதான், நாங்கள் மறுக்கேல்லை. ஆனால் அந்த மண்டபத்தின் நிலவரத்தையும் பார்க்கவேணும். வென்றவர்களுக்குள்ளேயே அப்போது பிளவு. சீனா அதிகம் அடிபட்ட நாடு. பீஜிங்கைக் கூப்பிடுவதா தாய்பேயைக் கூப்பிடுவதா என்பதில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் ஒத்துப்போகாததால் இரண்டையுமே கூப்பிடவில்லை. சோவியத் வந்தது, கையெழுத்து வைக்கவில்லை. இந்தியா போகவேயில்லை; 1952இல் தனியாக ஒப்பந்தம் செய்து, அதுவும் இழப்பீட்டைக் கைவிட்டது. கொரியாவில் சண்டை நடக்கிற நேரம், யப்பான் கடனில் மூழ்காமல் தன் பக்கம் நிற்கவேணும் என்பது அமெரிக்காவின் கணக்கு. ஜே.ஆரின் பேச்சு அந்தக் கணக்குக்கு நல்லாப் பொருந்திப் போனது. பிலிப்பைன்ஸ் விடவில்லை, 1956இல் 55 கோடி டொலருக்கு உடன்பாடு வாங்கியது.

இலங்கை விட்டுக்கொடுத்தது பெரும்பாலும் இறப்பரும் கட்டடங்களும். சயாம் மரண ரயில்பாதையில் செத்த மலாயாத் தோட்டத் தமிழருக்காகப் பேச அங்கே ஆர் இருந்தது? மலாயா அப்போது பிரித்தானியாவின் கையில். ஒப்பந்தத்தின் 16ஆம் பிரிவின்படி நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் ஊடாகக் காசு போனது. அதே பாதையில் கைதிகளைவிடப் பல மடங்கு செத்த ஆசியக் கூலிகளுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. 1967இல் மலேசியாவுக்கு யப்பான் கொடுத்தது இரண்டு சரக்குக் கப்பல்கள். கப்பலைக் குடும்பங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கேலாது.

எங்கட நாட்டில் 2018இல் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகம் உருவானது. அதற்கு முதல் வருடம், 2017 பெப்ரவரி 20இல், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் கிளிநொச்சியில் வீதியோரம் குந்தத் தொடங்கினார்கள். காசு வேண்டாம், பிள்ளை எங்கே எண்டு சொல்லுங்கோ என்பதுதான் இண்டைக்கும் அவர்களின் பதில்.