வம்சாவளி என்னும் மூங்கில் வரிசை

டிசம்பர் 17ஆம் தேதி கத்தோலிக்கக் கோயில்களில் வாசிக்கிற நற்செய்தி முழுக்கப் பெயர்களால் ஆனது. மத்தேயு நூலின் முதல் பதினேழு வசனங்கள். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில், சேசு சபையார் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊன்றிய பெரியநாயகி மாதா கோயிலிலும் அன்றைக்கு இதே வாசகந்தான். ஆபிரகாம், தாவீது, சாலமோன் வரை கேட்பவர் காது விழித்திருக்கும். அபியூத், எலியாக்கீம், ஆசோர், சாதோக்கு, ஆகீம், எலியூத் என்று போகும்போது கொட்டாவி வரும். சாமியாரின் குரலிலும் ஒரு வேகம் கூடிவிடும். அபியூத் முதல் யோசேப்பின் தகப்பன் யாக்கோபு வரை ஒன்பது பேர். இந்தப் பட்டியலை விட்டால் விவிலியத்தில் வேறெங்கும் இவர்கள் கிடையாது. ஆசோர் என்ன தொழில் செய்தான், எந்த ஊர்க்காரன், ஒன்றும் தெரியாது. ஒருவனுக்குப் பிறந்தான், ஒருவனைப் பெற்றான், அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலுக்குத் தமிழில் என்ன பெயர்? புராட்டஸ்டண்ட் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு ‘வம்சவரலாறு’ என்றது. புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘மூதாதையர் பட்டியல்’ என்கிறது. இரண்டாவது நேர்மையான சொல். ஆனால் பட்டியல் என்றதும் மளிகைக்கடை வந்து நிற்கிறது. முதலாவதில் வரலாறு இருக்கிறது, பட்டியலுக்குள்தான் வரலாறு இல்லை. எபிரேயத்தில் தொடக்க நூல் இதற்கு வைத்த சொல் தோலெதோத். யாலத் என்ற வினையிலிருந்து வந்தது, பொருள் ‘பெற்றவை’. கிரேக்கத்தில் அதைக் கெனெசிஸ் என்று பெயர்த்தார்கள். அந்தச் சொல்லே பிறகு முழு நூலுக்கும் தலைப்பாக ஏறிக்கொண்டது. தமிழில் இதற்கு நேரான சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெறு என்பதிலிருந்து பேறு. பிள்ளைப்பேறு, பேறுகாலம் என்று வீட்டில் கிடக்கிற சொல். எபிரேய வேர் தாய்க்கும் தகப்பனுக்கும் பொது. நம் ‘பெற்றோர்’ என்ற சொல்லும் அப்படித்தான். பழைய மொழிபெயர்ப்பில் வரிக்கு வரி வரும் ‘பெற்றான்’ அந்த வகையில் மூலத்துக்கு வெகு அருகில் இருக்கிறது. புதியதில் ‘மகன்’ என்று மாற்றிவிட்டார்கள். வாசிக்க எளிது, ஆனால் வினை போய்விட்டது.

வம்சம் என்ற சொல் வேறு வழியில் வந்தது. வடமொழியில் வம்சம் என்றால் முதலில் மூங்கில். கணுவுக்குமேல் கணு வைத்து வளர்வதால் குலத்துக்கும் அதுவே பெயராயிற்று. மூங்கிலில் செய்த குழலுக்கும் ஆயிற்று. வங்கியம் என்று பழந்தமிழ் உரைகாரர் சொல்லும் குழலும் இந்தப் புதரில் வெட்டியதுதான். ஆவளி என்றால் வரிசை. தீபாவளியில் இருக்கும் அதே ஆவளி. ஆக வம்சாவளி என்பது மூங்கில் வரிசை. தமிழனுக்கு இந்த உவமை கடன் வாங்கியதாகவே தோன்றாது. மணமக்களை ஆலையும் அருகையும் சொல்லி வாழ்த்துபவர்கள் சுற்றத்துக்கு மூங்கிலைத்தானே சொல்கிறார்கள். நம் சொந்தச் சொற்களும் செடிகொடிதான்: கொடிவழி, கிளை, கொத்து. தெற்கே கொண்டையங்கோட்டை மறவர் கிளையைத் தாய்வழியாகவே எண்ணுகிறார்கள். ஏட்டில் எழுதாத வம்சாவளி அது.

எபிரேயனுக்குக் குலம் என்றால் குச்சி. ஷேவெத், மத்தே என்று இரண்டு சொற்கள். இரண்டுக்கும் கோல் என்றும் பொருள், கோத்திரம் என்றும் பொருள். எண்ணாகமத்தில் பன்னிரண்டு கோத்திரத்துக்கும் ஒவ்வொரு கோல் வைக்க, ஆரோனுடையது மட்டும் துளிர்த்து வாதுமை காய்த்த கதை வருகிறதே, அதன் மூலத்தில் கோலும் குலமும் ஒரே சொல். தமிழில் அது கோல், கோத்திரம் என்று பிரிந்துவிடுகிறது. கோத்திரம் என்பதே ஆதியில் மாட்டுத்தொழுவம் என்று நினைத்தால், பாலைவனத்து இடையர்களுக்கு அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்த மூங்கிலைக் கல்லில் பார்க்க விரும்பினால் கொடும்பாளூருக்குப் போக வேண்டும். திருச்சி மதுரைச் சாலையில், விராலிமலைக்குத் தெற்கே. இருக்குவேள் என்ற வேளிர்குடியின் ஊர். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கான வழி மூன்றாகப் பிரிவது இங்கேதான். இங்குள்ள கோயிலுக்கு மூவர் கோயில் என்று பெயர். நிற்பவை இரண்டு, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். நடுக்கோயில் சுவரில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு. கட்டியவன் பூதி விக்கிரமகேசரி. தன் பெயரில் ஒன்றும், கற்றளி, வரகுணை என்ற தன் தேவியர் பெயரில் ஒவ்வொன்றுமாக மூன்று விமானம் எடுத்து, மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்கு மடமும் பதினொரு ஊர்களும் கொடுத்தான். ஐம்பது துறவியருக்குச் சோறு போட. முதலாம் ஆதித்தன் காலமா, சுந்தரசோழன் காலமா என்ற வழக்கு அறிஞர்களிடையே நெடுநாள் நடந்தது.

நமக்கு வேண்டியது கொடைக்கு முன்னால் வரும் வரிசை. பரவீரஜித்து, வீரதுங்கன், அதிவீரன், சங்ககிருத்து, நிருபகேசரி, பரதுர்க்கமர்த்தனன், சமராபிராமன், பிறகு பூதி. சிலருக்குப் பெயர் மட்டும். சிலருக்கு அரைவரி: பரதுர்க்கமர்த்தனன் வாதாபியை வென்றான்; சமராபிராமன் அதிராசமங்கலத்துப் போரில் சளுக்கியைக் கொன்றான், சோழ இளவரசி அனுபமையை மணந்தான். அதிவீரனுக்கு அதுவும் இல்லை. அவன்தான் கொடும்பாளூரின் ஆசோர். பெரியபுராணம் பாடும் இடங்கழி நாயனாரும் இந்த ஊர் வேள்தான். அடியாருக்கு அமுது படைக்க நெல் திருடியவனைப் பிடித்து வந்தபோது, தண்டிக்காமல் களஞ்சியத்தையே திறந்துவிட்டவர். இன்று படிக்கக் கிடைக்கும் கல்வெட்டுப் பகுதியில் அந்தப் பெயர் இல்லை. ஊர் நினைவு ஒரு பக்கம், அரண்மனைப் பட்டியல் ஒரு பக்கம்.

அரைவரியின் ருசி எபிரேயப் பட்டியல்களிலும் உண்டு. தொடக்க நூல் 36இல் சேயீர் மலைக்குடிகளைச் சொல்லிக்கொண்டே போகிறவர், ஆனாகு என்ற பெயரில் திடீரென்று நிற்கிறார். தகப்பன் சிபியோனின் கழுதைகளை வனாந்தரத்தில் மேய்க்கையில் ‘யேமிம்’ கண்டுபிடித்தவன் இவன்தான் என்கிறார். கேட்டவர்களுக்கெல்லாம் தெரிந்த கதைபோலச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார். யேமிம் என்றால் என்ன? எபிரேய விவிலியத்தில் அந்தச் சொல் வேறெங்கும் வரவில்லை. லத்தீனில் பெயர்த்த ஜெரோம் வெந்நீர் ஊற்று என்றார். 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பு கோவேறு கழுதை என்றது. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் பொருள் சொல்லாமல் ஒலியை மட்டும் எழுதிவைத்துத் தப்பித்தார்கள். ஆனாகு கண்டுபிடித்ததை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

பெண்கள் இந்த வரிசைகளில் அபூர்வம். வந்தால் பெரும்பாலும் யாருக்கோ மனைவி, யாருக்கோ தாய். நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரமும் பெயர்க்காடு. அதற்குள் எப்பிராயீம் வழியில் சேராள் என்று ஒருத்தி. கீழ் பெத்தொரோனும் மேல் பெத்தொரோனும் கட்டியவள், தன் பெயரிலும் ஓர் ஊர் எழுப்பியவள். பெத்தொரோன் மலைப்பாதை பின்னாளில் படைகள் ஏறி இறங்கிய இடம். அந்த ஊர்களைக் கட்டியவளைப் பற்றி இந்த ஒரு வசனந்தான். நம் பக்கத்தில் கற்றளி. பெயரே கல்லால் ஆன கோயில் என்று பொருள்படுகிறது. இன்னொருத்தி பூதி ஆதித்த பிடாரி, இதே இருக்குவேள் குடிப் பெண், பராந்தக சோழன் மகன் அரிகுலகேசரிக்கு வாழ்க்கைப்பட்டவள். திருச்சிக்கு மேற்கே திருச்செந்துறைக் கோயிலைக் கல்லில் எடுத்தாள். அவளை அறிய அந்தக் கோயில் கல்வெட்டுக்குத்தான் போக வேண்டும். மூவர் கோயில் வரிசை அவளைச் சொல்லவில்லை.

‘வம்சாவளி’ என்ற சொல் புதுக்கோட்டையில் நூல் தலைப்பாகவே வந்தது பிற்பாடு, அதுவும் தெலுங்கில். 1750ஐ ஒட்டி நுதுருபாடி வெங்கணா பாடிய ‘தொண்டைமான் வம்சாவளி’. அம்புக்கோவிலில் ஊன்றிய தொண்டைமான் குடும்பத்துக்கு இந்திரன்வரை வேர் விடுகிற காரியம் அது. அரை நூற்றாண்டு கழித்து கும்பினி அதிகாரி காலின் மெக்கன்சியின் ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் பாளையக்காரர் வம்சாவளிகளை எழுதி வாங்கினார்கள். கும்பினியார் கையில் நாடு போன பிறகு, யாருக்கு எந்த ஊர் பாத்தியம் என்பதற்கு வம்சாவளி சாட்சியாயிற்று. மூங்கில் அப்போதே காகிதமாகத் தொடங்கிவிட்டது.

எபிரேயத்திலும் இதே மாற்றம் நடந்ததைச் சொல்லே காட்டுகிறது. பாபிலோன் சிறையிருப்புக்குப் பிந்திய நூல்களான நாளாகமம், எஸ்றா, நெகேமியா மூன்றிலும் புதிதாக ஒரு சொல் முளைக்கிறது: யஹஸ். தோலெதோத் போலப் பிறப்பின் ஈரம் இதில் இல்லை; பதிவேட்டில் ஏறுவது என்பதுதான் பொருள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் காது நல்ல காது. இங்கே வம்சவரலாறு என்று எழுதாமல் ‘வம்ச அட்டவணை’ என்று எழுதினார்கள். நாடு திரும்பியவர்களில் தெலாயா, தொபியா, நெகோதா குடிகளால் தாங்கள் இஸ்ரவேலர்தான் என்று காட்ட முடியவில்லை. எஸ்றாவின் கணக்கில் 652 பேர், நெகேமியாவின் கணக்கில் 642. அட்டவணையும் தவறும். ஆசாரியக் குடிகளில் ஒன்று பர்சிலாய். முன்னோன் ஒருவன் பர்சிலாய் வீட்டுப் பெண்ணைக் கட்டி அந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டான். நம் ஊர்ப்பேச்சில் வீட்டோடு மாப்பிள்ளை. அவன் வழிவந்தவர்கள் அட்டவணையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை, ஆசாரியத்துவம் போயிற்று.

புதுக்கோட்டைச் சீமையிலிருந்து கங்காணிகளோடு இலங்கைத் தேயிலைக்குப் போனவர்களின் பிள்ளைகளும் அப்படித்தான் தேடினார்கள். 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் அந்த மண்ணில் பிறந்தான் என்று காட்டு, இல்லையானால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததைக் காட்டு என்றது. லயத்துக் காம்பராவில் பிறந்த பூட்டனுக்கு எந்தக் காகிதம்? 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். அந்த மக்களுக்கு அங்கே நிலைத்த பெயர் ‘இந்திய வம்சாவளித் தமிழர்’. இந்திரன்வரை பெயர் சொன்ன சொல், ஒரு பெயரும் கேட்காமல் இத்தனை லட்சம் பேருக்கு அடைமொழியானது இப்படித்தான். இன்று நம் செய்தித்தாள்கள் அயல்நாட்டு அமைச்சர்களுக்கும் அதையே ஒட்டுகின்றன.

கொடும்பாளூர்க் கல்வெட்டின் தொடக்கம் சிதைந்து போயிருக்கிறது. வரிசையில் முதலில் நிற்பவன் பாண்டியனின் யானைப்படையைப் பிடித்தவன். அந்தச் செய்தி இருக்கிறது. அவன் பெயர் இருந்த இடத்தில் எழுத்து இல்லை.