பட்டினி காத்த விதை

கஞ்சா என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் சொல்லப்போவது புகையின் கதை அல்ல, விதையின் கதை. அதே இனத்துச் செடியின் நாரில்தான் ருஷ்யக் குடியானவன் கயிறு திரித்தான். விதையை ஆட்டி எண்ணெய் எடுத்தான். வடக்கே, குளிருக்கு முந்திக்கொண்டு விளையும் குட்டைச் செடி. தெற்கே, நிதானமாக ஓங்கி வளரும் நெட்டைச் செடி. இப்படிப் பிரதேசத்துக்கு ஒரு ஜாதி.

இவற்றைத் தேடித் திரட்டியவர் நிகொலாய் வவிலோவ். 1924-ல் ஆப்கானிஸ்தான் மலைகளைக் கடந்தபோது, அங்கே தானாக மண்டியிருந்த கஞ்சாவையும் அவர் விட்டுவைக்கவில்லை. லெனின்கிராட் ஆராய்ச்சி நிலையத்தில் கோதுமை, நெல், கடலை விதைகளோடு இந்த இனத்துக்கும் இடம் கிடைத்தது.

எதற்காக இந்தச் சேகரம்? வடக்கத்திச் செடியின் வேகத்தையும் தெற்கத்திச் செடியின் உயரத்தையும் கலந்து புது ஜாதி உண்டாக்கலாம் அல்லவா? ஆனால் புதியது வந்ததும் குடியானவன் பழைய விதையை மறந்துவிடுவான். அடுத்த கலப்புக்கோ மீண்டும் அந்தத் தாய்விதைதான் வேண்டும்.

1940-ல் வவிலோவ் கைதானார். 1941 செப்டம்பரில் ஜெர்மானியர் லெனின்கிராடை முற்றுகையிட்டார்கள். ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்களுக்கு நடுவே, நெல் ஆராய்ந்த இவானோவ் பட்டினியால் இறந்தார். கடலை விதையைக் காத்த ஷூகின் மேஜையருகிலேயே சாய்ந்தார். ஒரு பிடி எடுத்து உலையில் போட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? விதைநெல்லைக் குத்தித் தின்பது குடி கெட்டதற்கு அடையாளம் என்பார்கள் எங்கள் ஊரில். அவர்கள் குடி கெடவில்லை, உயிர்தான் போயிற்று. 1943 ஜனவரியில் சரடோவ் சிறையில் வவிலோவையும் பட்டினியே கொண்டுபோயிற்று.

நான் எழுதும் நாவலாக இருந்தால் இங்கே 'முற்றும்' போட்டிருப்பேன். விதை அப்படி விடவில்லை. பூட்டிவைத்த கஞ்சா விதை, நாளாவட்டத்தில் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். எடுத்து விதைத்தாலோ வேறு சங்கடம். இந்தச் செடியில் பொதுவாக ஆண் வேறு, பெண் வேறு. மகரந்தம் சுமப்பது காற்று. அருகே இன்னொரு ஜாதி இருந்தால் இரண்டும் கலந்து பழைய குணம் போய்விடும். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே, தூர தூரத்தில் பயிரிட வேண்டும். அதற்கு ஆளும் பணமும் வேண்டும்.

1991-ல் சோவியத் ஆட்சி சரிந்தபோது பணத்துக்குத்தான் பஞ்சம். ஆம்ஸ்டர்டாமிலிருந்த ஒரு சங்கம் கைகொடுக்க, அந்த விதைகள் மறுபடியும் மண்ணைக் கண்டன.

உயிரைக் கொடுத்து விதையைக் காத்தவர்களை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதே விதையைக் காலம் தவறாமல் விதைத்து, அறுத்து, உலர்த்தி, மறுபடி பொட்டலம் கட்டுகிறவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் ஒருமுறை தவறினாலும் முன்னவர்களின் பட்டினி வீண்தான்.