காட்டில் எத்தனை புலி? எப்படி எண்ணுகிறார்கள்?

தீபகற்ப மலேசியாவின் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவு. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு சொன்ன எண்ணிக்கை அது.

"மனிதர் கண்ணில் படாமல் திரியும் விலங்கை யார் போய் எண்ணினாங்க?" என்று கேட்கிறீர்களா?

ஒவ்வொன்றாக யாரும் எண்ணவில்லை. கடற்புல் போல நகராத உயிர் என்றால் சுலபம்: ஆங்காங்கே சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் இருப்பதை எண்ணி, மொத்தப் பரப்புக்குக் கணக்குப் போடலாம்.

புலி அப்படி நிற்குமா? அதனால் அது நடக்கும் தடங்களில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டுகிறார்கள். எதிரெதிரே இரண்டு. புலியின் வரிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒரே புலிக்குக்கூட இடப்பக்கம் வேறு, வலப்பக்கம் வேறு. இரண்டையும் படமெடுத்தால்தான் ஆள் அடையாளம் தெரியும்.

அடுத்து கணக்கு. ஒரு பேச்சுக்கு, முதல் சுற்றில் 12 புலிகள் படத்தில் சிக்கின. இரண்டாம் சுற்றில் 10. அவற்றில் 6 ஏற்கெனவே பார்த்தவை. 12ஐ 10ஆல் பெருக்கி 6ஆல் வகுத்தால், அங்கே சுமார் 20 புலிகள். இன்றைய ஆய்வாளர்கள் கேமரா இருந்த இடத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அடிப்படை இதுதான்.

இதில் ஒரு சிக்கல். முதல் சுற்றில் பார்த்த புலி ஒன்று, இடையில் வேட்டைக்காரர் வைத்த கண்ணியில் மாட்டி இறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்றில் 9 புலிகள், பழையவை 5. இப்போது விடை சுமார் 22! காட்டில் ஒன்று குறைந்தது, தாளில் இரண்டு கூடிவிட்டது.

அதனால்தான் ஓர் இடத்தில் படமெடுக்கும் வேலையைச் சில மாதங்களுக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள்.