கிருமிநாசினிக்குத் தப்பியவை

தமிழில் வழங்கும் ‘கிருமிநாசினி’ என்னும் சொல் ஒரு முடிவைத் தன்னுள்ளேயே சொல்லிவிடுகிறது: கிருமி நாசமாகிவிட்டது. ஆனால் இத்துறையின் வரலாற்றில் நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்து நிற்பது வேறொரு கேள்வி. கிருமி செத்ததா, அல்லது செத்ததுபோல் கிடக்கிறதா?

1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் அறுவைக் காயங்களைக் காத்த முறையை வெளியிட்டபோது, காயம் சீழ்ப்பிடிக்காததே போதிய சான்றாக இருந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1881இல், பெர்லினில் ராபர்ட் கோக் ஆந்த்ராக்ஸ் வித்துகளைப் பட்டு நூல்களில் உலர்த்தி, ஒவ்வொரு மருந்திலும் தோய்த்து, மீண்டும் வளர்கின்றனவா என்று பார்த்தார். எண்ணெயில் கரைத்த கார்பாலிக் அமிலம் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. பாதரசக் குளோரைடே தலைசிறந்தது என்று முடிவு செய்தார். 1889இல் கெப்பெர்ட் அம்முடிவையே அசைத்தார். வித்துகளில் ஒட்டியிருந்த பாதரசத்தைச் சல்ஃபைடு கொண்டு அகற்றியதும், இறந்தவை எனக் கருதப்பட்ட வித்துகள் முளைத்தன. மருந்து கொல்லவில்லை, வளர்ச்சியை அடக்கி வைத்திருந்தது. கொல்லுதலுக்கும் தடுத்தலுக்கும் இடையிலான இவ்வேறுபாடே பிற்காலச் சோதனை முறைகளுக்கெல்லாம் அடித்தளம் என்று கொள்வது மிகையாகாது.

1935இல் கெர்ஹார்ட் டோமாக் பென்சல்கோனியம் குளோரைடை அறிமுகப்படுத்தினார். அதனோடு குவாட்டர்னரி அம்மோனியச் சேர்மங்களின் காலம் தொடங்கியது. 1950களில் பிரிட்டனின் மருத்துவமனைகளில் இவ்வகையைச் சேர்ந்த செட்ரிமைடு கரைசலுக்குள்ளேயே சூடோமோனாஸ் வாழ்ந்துகொண்டிருந்தது தெரியவந்தது. காயத்தைத் தூய்மை செய்ய வேண்டிய புட்டியே நோயைச் சுமந்தது. புட்டியை மூடிய தக்கை மருந்தின் வலிமையைக் குறைத்ததும் ஒரு காரணம். மருந்து நீர்த்துப்போன இடத்தில்தான் இக்கதை ஒவ்வொரு முறையும் தொடங்குகிறது.

1980களில் ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் பரவிய ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வகைகளில் ‘குவாக்-ஏ’ என்னும் மரபணு இனங்காணப்பட்டது. அது செல்லுக்குள் நுழைந்த மருந்தை வெளியே இறைக்கும் ஒரு புரதத்தை உருவாக்குகிறது. கருத்தைக் கவர்வது அந்த இறைப்பான் இயங்கும் விதம். ‘குவாக்-ஆர்’ என்னும் மற்றொரு புரதம் அதனைச் சாதாரணமாக அடக்கி வைத்திருக்கிறது. மருந்தின் மூலக்கூறு வந்து பற்றியதும் அடக்கியின் பிடி விலகி, இறைப்பான் மிகுதியாக உருவாகிறது. மருந்தே தன்னை வெளியேற்றும் கருவிக்கான சாவியாகிறது. மேலும், இம்மரபணு அமைந்த ‘பிஎஸ்கே-1’ பிளாஸ்மிடில் ஜென்டமைசின், டிரைமெத்தோப்ரிம் ஆகிய மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களும் இருந்தன. ஆகவே, தரையைத் துடைக்கும் மருந்துக்குத் தப்பும் கிருமி, நோயாளிக்குக் கொடுக்கும் மருந்துக்கும் தப்பும் திறனை உடன் சுமந்து செல்லக்கூடும்.

சோப்பு விளம்பரங்கள் மட்டும் பிறழாமல் தொடர்ந்தன. 1998இல் டிரைக்ளோசான் பொதுவான நஞ்சு அன்று, ஈ.கோலையின் கொழுப்பு அமில உற்பத்தியில் ‘ஃபேப்-ஐ’ என்னும் குறிப்பிட்ட நொதியையே தாக்குகிறது என்று பாஸ்டனில் ஸ்டூவர்ட் லெவியின் குழு காட்டியது. இலக்கு ஒன்றே என்றால் அந்த ஒன்றை மாற்றிக்கொண்டு தப்புவது கிருமிக்கு எளிது. டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருள்களைக் கை, உடல் கழுவும் நுகர்வோர் பொருள்களில் விற்க அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் தடை விதித்தது.

எனினும் ‘எதிர்ப்பு’ என்ற சொல்லை இங்கு அளந்தே பயன்படுத்த வேண்டும். உரிய செறிவில், உரிய நேரம் விட்டால் பெரும்பாலான கிருமிகள் இன்றும் மடிகின்றன. மாறுவது பெரும்பாலும் தாங்கும் அளவே. 2018இல் மெல்பர்ன் மருத்துவமனைகளின் என்டரோகாக்கஸ் ஃபீசியம் மாதிரிகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இதுதான்: 2010க்குப் பிந்தையவை பழையவற்றைவிட ஆல்கஹாலை ஏறத்தாழப் பத்து மடங்கு மிகுதியாகத் தாங்கின. ஆல்கஹாலால் துடைத்த கூண்டில் விடப்பட்ட எலிகளின் குடலிலும் அவையே எளிதில் குடியேறின. அவற்றில் மாறியிருந்தவற்றுள், சர்க்கரையை உள்ளிழுத்துச் செரிக்கும் மரபணுக்களும் இருந்தன.