தாமரை, மரை, தாரை: ஒரு மரபணுச் சரித்திரம்

ஸ்ரீரங்கம் போறவங்க பெருமாளையும் தாயாரையும் சேவிச்சுட்டு கிளம்பிடாம, தன்வந்திரி சன்னதியையும் எட்டிப் பாருங்க. கோயிலுக்குள்ளேயே ஒரு ஆரோக்கியசாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்திருக்கு. சிதைந்து போயிருந்த அதை கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்து, தன்வந்திரியையும் எழுந்தருளப் பண்ணினார் என்கிறது 1493-ஆம் வருடத்துக் கல்வெட்டு.

அந்த வாசலில் கேட்டிருக்கக்கூடிய கேள்விதான் இன்றைக்கு திருச்சி ஆஸ்பத்திரி வராண்டாக்களிலும்: "பொழச்சுப்பாங்களா?" நோய் இனி எப்படிப் போகும் என்ற கணிப்புக்கு டாக்டர்கள் வைத்த பேர் ப்ராக்னோசிஸ். புற்றுநோய் என்றால் இப்போ சில சமயம் மரபணு ரிப்போர்ட்டும் வருது. அதில் "பி53-இல் மாற்றம்" என்று ஒரு வரி. அதைக் கூகுளில் தேடிப் பார்த்துட்டு வீடே இடிஞ்சு உட்கார்ந்துடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கு.

மரபணு என்பது இடையில் வெட்டே இல்லாத வாசகம் என்றுதான் 1977 வரை நினைத்தார்கள். அந்த வருடம் அடினோவைரஸை ஆராய்ந்த ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுக்கள் வேறு ஒன்றைக் கண்டன. ஆர்.என்.ஏ. நகலில் நடுநடுவே துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒட்டிக்கொள்கிறது செல். இதுதான் ஸ்ப்ளைசிங். 1993-இல் இருவருக்கும் நோபல். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அதைப் பார்த்த லூயிஸ் சோவுக்குப் பங்கில்லை; அந்த வயித்தெரிச்சலைத் தனிப் பதிவாத்தான் போடணும்.

எதை ஒட்டுவது என்பதிலும் செல்லுக்கு சாய்ஸ் உண்டு. "தாமரை"யில் முதலெழுத்தை விட்டால் "மரை", மான். நடு எழுத்தை விட்டால் "தாரை", நீர் ஒழுக்கு. மூல வார்த்தை ஒன்றுதான், அர்த்தம் மூணு. வாத்தியார் சுஜாதா இருந்திருந்தால் இதை இரண்டே வரியில் முடித்திருப்பார் :-)

இப்போ பி53-க்கு வருவோம். 1979-இல் கண்டுபிடித்தபோது இதைப் புற்றுநோயைத் தூண்டும் வில்லன் என்றார்கள். ஆய்வகங்களில் இருந்த பிரதிகள் பல ஏற்கெனவே பழுதானவை என்பது பத்து வருஷம் கழித்துத்தான் புரிந்தது. பழுதாகாத பி53 கட்டியை அடக்கும் காவல்காரன் என்று 1989-இல் தெரிந்தது. 2005-இல் ஜான்-கிறிஸ்டோஃப் பூர்டோன் குழு, இந்த ஒரே மரபணுவிலிருந்து பல வடிவப் புரதங்கள் வருவதைக் காட்டியது. 2011-இல் அவர்கள் 127 மார்பகக் கட்டிகளைப் பார்த்தார்கள். பி53 பழுதாகியிருந்தும், காமா என்ற ஸ்ப்ளைசிங் வடிவம் இருந்த பெண்களுக்கு நோயின் போக்கு பழுதில்லாதவர்களுக்கு இணையாகவே இருந்தது!

நேர் எதிர்க் கதையும் உண்டு. கேஎல்எஃப்6 என்ற மரபணுவும் காவல்காரன்தான். ஆனால் அதன் எஸ்வி1 என்ற வெட்டு வடிவம் கட்சி மாறி கட்டிக்கு உதவுகிறது. ப்ராஸ்டேட் கட்டியில் அது அதிகமானால் நோயின் போக்கு மோசம் என்று 2008-இல் ஒரு ஆய்வு சொன்னது.

நம்ம பக்கத்து புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923-இல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கம்தான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாச்சு. தென்னிந்தியக் குடும்பங்களில் பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோயின் மரபணுக்களைப் பற்றி அங்கிருந்தே 2003-இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. தங்கைக்கு மருந்தில்லாத காலத்திலிருந்து, மரபணுவை வாசிக்கிற காலம் வரை எண்பதே வருஷம்.

127 கட்டிகள் சின்ன எண்ணிக்கை. அதை வைத்து யாருக்கும் நாள் குறிக்க முடியாது. அதே மாதிரிதான், ரிப்போர்ட்டில் இருக்கிற ஒற்றை வரியை வைத்தும் நாள் குறிக்க முடியாது. கட்டி எந்த ஸ்டேஜ், என்ன வகை, மருந்துக்கு எப்படிக் கேட்கிறது, எல்லாம் சேர்ந்ததுதான் கணிப்பு. ரிப்போர்ட் கையில் வந்தால் கூகுளை மூடிட்டு டாக்டரிடம் கேளுங்க: "இதுல மரபணுவை மட்டும் பார்த்தாங்களா, அது கட்டிக்குள்ள என்ன பண்ணுதுன்னும் பார்த்தாங்களா?"