கம்பியில்லா நேரக்குறி ஒத்திசைவு

கம்பியில்லா நேரக்குறி ஒத்திசைவு என்பது, படப்பிடிப்பில் தனித்தனியே இயங்கும் படக்கருவிகளையும் ஒலிப்பதிவுக் கருவிகளையும் கம்பி இணைப்பின்றி ஒரே நேரக் கணக்கில் இயங்கச் செய்யும் முறையாகும். தனியே பதிவான குரலைப் படத்தொகுப்பின்போது உதட்டசைவுடன் விரைவாகப் பொருத்த இது பயன்படுகின்றது.

நேரக்குறி

டைம்கோடு என வழங்கும் நேரக்குறி, ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் மணி, நிமிடம், நொடி, படச்சட்ட எண் ஆகிய நான்கு பகுதிகளைக் கொண்ட ஓர் எண்ணை அளிக்கின்றது (எ-கா: 10:24:36:12). அமெரிக்காவின் எஸ்.எம்.பி.டி.ஈ. அமைப்பு இதனைச் சீர்தரப்படுத்தியது. இதன் எல்.டி.சி. என்னும் வடிவம் ஒலிக் குறிகையாகச் செல்வது. ஒரு படச்சட்டத்துக்கு 80 பிட்டுகள் கொண்டது. நேரக்குறி உள்ளீடு இல்லாத படக்கருவிகளில் இதனை ஓர் ஒலித்தடத்தில் பதிவு செய்யலாம்.

இயங்கும் முறை

ஒவ்வொரு கருவியுடனும் ஒரு சிறு நேரக்குறிப் பெட்டி இணைக்கப்படும். ஒரு பெட்டி முதன்மையாக இருந்து, வானொலி அலை அல்லது புளூடூத் வழியாக மற்றவற்றுக்கு நேரத்தை அளிக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் தனிப் படிகக் கடிகாரம் உண்டு. ஆகவே அலைத்தொடர்பு இடையில் அறுந்தாலும் நேரக்குறி நின்றுவிடுவதில்லை.

அமைக்கும் படிகள்

1. எல்லாக் கருவிகளிலும் ஒரே படச்சட்ட வீதத்தைத் தெரிவு செய்தல். 24, 23.976 ஆகிய வீதங்கள் ஏறத்தாழ ஒன்றெனத் தோன்றினும், அவற்றின் நேரக்குறிகள் மணிக்கு 3.6 நொடி விலகிவிடும்.
2. முதன்மைப் பெட்டியில் நேரத்தை அமைத்து, ஏனையவற்றை அதனுடன் ஒத்திசைத்தல்.
3. பெட்டிகளைக் கருவிகளின் நேரக்குறி உள்ளீட்டிலோ ஒலி உள்ளீட்டிலோ இணைத்தல். ஒலி உள்ளீடாயின், ஒலி சிதையாதவாறு அளவைக் குறைத்தல்.
4. சிறு பதிவொன்றை எடுத்து, கிளாப் பலகையின் ஓசையும் படமும் பொருந்துகின்றனவா எனச் சரிபார்த்தல்.

நேர விலகல்

இரு கடிகாரங்கள் முற்றிலும் ஒன்றாக ஓடுவதில்லை. அவற்றிடையே பத்து இலட்சத்தில் 10 பங்கு வேறுபாடு இருப்பின், ஒரு மணி நேரத்தில் 36 மில்லிநொடி விலகும். நொடிக்கு 25 படச்சட்டங்கள் கொண்ட பதிவில் ஒரு படச்சட்டம் 40 மில்லிநொடி ஆகும். வேறுபாடு ஒரு பங்காயின், அதே அளவு விலக ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகும். இதனாலேயே துல்லியமான படிகங்கள் பயன்படுத்தப்படுகின்றன.

வரம்புகள்

பல ஒலிப்பதிவுக் கருவிகள், பதிவு தொடங்கிய நேரத்தை மட்டுமே கோப்பில் குறிக்கின்றன. நேரக்குறி தொடக்கத்தைப் பொருத்துமேயன்றி, கருவியின் உட்கடிகார வேகத்தைத் திருத்தாது. எனவே நீண்ட பதிவுகளின் இறுதியில் ஒலி விலகக்கூடும். நேரக்குறி தவறினாலும் பொருத்த வழி இருக்கவேண்டும் என்பதால், கிளாப் பலகை இன்றும் பயன்பாட்டில் உள்ளது.