சூரபதுமன்: இளையோர் மிகுபுனைவில் புராண எதிர்நாயகன்

சூரபதுமன், கந்தபுராணத்தின் எதிர்நாயகன். காசிப முனிவருக்கும் மாயைக்கும் பிறந்த அசுரர் தலைவன். சிங்கமுகனுக்கும் தாரகனுக்கும் தமையன். சிவனிடம் வரம் பெற்று, கடல் நடுவே வீரமகேந்திரபுரத்தில் இருந்துகொண்டு 1,008 அண்டங்களை 108 யுகம் ஆண்டவன். இவன் கதைக்குத் தமிழில் முழு உருவம் தந்த நூல், காஞ்சிபுரத்தில் பிறந்தது. ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் இடையே உள்ள குமரகோட்டத்தில் அர்ச்சகராக இருந்த கச்சியப்ப சிவாசாரியார், ஆறு காண்டங்களில் 10,345 பாடல்களாக அதைப் பாடினார். இன்று இளையோருக்காக எழுதப்படும் மிகுபுனைவு நாவல்களில் புராண வில்லனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கிரேக்கத் தொன்மங்களில் தேடுகிறார்கள். காஞ்சியில் எழுந்த இந்த நூலிலேயே அதற்குத் தெளிவான விடை இருக்கிறது: பெரியவர்கள் தீர்க்காமல் விட்டுவைத்த கணக்கு வில்லனின் உருவில் வந்து நிற்கிறது, அவனை எப்படி முடிப்பது என்ற தீர்மானத்தில்தான் இளையவன் யார் என்பது தெரிகிறது.

கதையின் அமைப்பே இதைக் காட்டும். தேவர்கள் தோற்றுப்போனவர்கள். அசுரர்களுக்குக் கடல்மீன் கொண்டுவந்து கொடுக்கும் குற்றேவலுக்குத் தள்ளப்பட்டவர்கள். இந்திரன் சீகாழியில் ஒளிந்து வாழ்கிறான். அவன் மகன் சயந்தன் சிறையில் கிடக்கிறான். வரம் கொடுத்தவரும் பெரியவர், அதன் விளைவில் தவிப்பவர்களும் பெரியவர்கள். தீர்க்க வருவது ஒரு பிள்ளை. முருகனின் தூதனாக வீரவாகு சென்று தேவர்களை விடுவிக்கச் சொல்லும்போது, சூரன் முருகனைப் பால் மணம் மாறாத சிறுவன் என்றே எண்ணி மறுக்கிறான். சிங்கமுகன் எச்சரிக்கிறான், மகன் பானுகோபனும் ஒருமுறை தோற்றுத் திரும்பியபின் சிறையைத் திறந்துவிடச் சொல்கிறான். சூரனிடம் அறிவுக்கோ வீரத்துக்கோ குறைவில்லை. வயதில் சிறியவனிடம் பணிவதா என்ற வீம்பு ஒன்றே அவனை அழிக்கிறது. போரின் நடுவே முருகனின் பேருருவைக் கண்டு அவன் மெய்ம்மறந்து வியக்கும் இடம் நூலின் உச்சம். அந்த உரு மறைந்ததும் பழைய சினம் திரும்பிவிடுகிறது. நல்லவனாகும் வாசல் ஒரு கணம் திறந்து மூடும் இந்தக் காட்சியை எழுத, வில்லனை உள்ளிருந்து பார்க்கத் தெரிந்த கவிஞனால்தான் முடியும். கடைசியில் கடல் நடுவே மாமரமாக நின்றவனை வேல் பிளக்கிறது. இரு கூறுகளும் மயிலாகவும் சேவலாகவும் மாறி மறுபடியும் பாய்ந்து வருகின்றன. முருகனின் பார்வை பட்டபின்பே அவற்றின் பகை அடங்குகிறது. மயில் ஊர்தியாகிறது, சேவல் கொடியில் ஏறுகிறது.

இந்த முடிவு எல்லா மரபுக்கும் பொதுவானதன்று. திருமுருகாற்றுப்படையில் முருகன் சூரனை அழிக்கிறான், மாமரமும் வீழ்கிறது. மயிலும் சேவலும் உண்டு, ஆனால் அவை சூரனிலிருந்து வந்தவை என்று அங்கே சொல்லப்படவில்லை. காளிதாசரின் குமாரசம்பவத்திலோ குமரனின் பகைவன் தாரகன். பகைவனை அழித்தான் என்று முடிந்திருக்கக்கூடிய கதையைப் பகைவனை ஏற்றான் என்று முடிக்கும் வடிவமே கச்சியப்பர் வழியாகத் தமிழரிடம் நிலைத்திருக்கிறது.

இளையோர் நாவல்களும் இதே இடத்துக்கு வந்து சேர்கின்றன. ரோஷனி சோக்ஷி 2018-இல் வெளியிட்ட ‘ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்’ நாவலில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஆரு, விளக்கில் அடைபட்ட ‘ஸ்லீப்பர்’ என்ற வில்லனை விடுவித்துவிடுகிறாள். அவன்தான் தன் தந்தை என்று பின்னர் அறிகிறாள். அவன் பெயர் சுயோதனன். துரியோதனனுக்கு மகாபாரதம் தரும் மற்றொரு பெயர். ரிக் ரியோர்டன் 2005-இல் தொடங்கிய பெர்சி ஜாக்சன் வரிசையில் வில்லன் குரோனோஸ் பிழைத்தெழுவது, தெய்வத் தந்தை கைவிட்டதாகக் குமுறும் லூக் என்ற இளைஞனின் உடலில். இரண்டிலும் வில்லன் வெளியூர்ப் பூதமாக வரவில்லை. குடும்பத்துக்குள் ஆறாத புண்ணாக இருக்கிறான்.

கந்தபுராணம் பக்திநூல், அதை நாவலோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நோக்கம் வேறுதான், புராணத்தில் வெற்றி யாருக்கு என்ற ஐயத்துக்கே இடமில்லை, நாவல் அந்த ஐயத்தில்தான் உயிர்வாழ்கிறது. ஆனால் இங்கே ஒப்பிடுவது பாத்திரத்தின் வேலையை. வெற்றி உறுதியான கதையில்கூட வில்லனுக்குப் பேருருவ தரிசனம் தேவைப்பட்டது என்பதே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. எதிரியை ஊர்தியாக்குவது அருளா, அடிமைப்படுத்தலா? அசுரர் என்ற பெயரே தோற்றவர்களுக்கு வென்றவர்கள் இட்டது என்று திராவிட இயக்கம் வாதிட்டது. ஆனந்த் நீலகண்டனின் ‘அசுரா’ (2012) இராவணன் பக்கம் நின்று கதை சொன்னது. இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. சூரனின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் கச்சியப்பர் அசுரர்களுக்கு வாயடைக்கவில்லை. அசுர காண்டம் என்று தனிக் காண்டமே வகுத்து அவர்கள் தவத்தையும் வேள்வியையும் விரித்தார். தமையன் தவறு செய்கிறான் என்று தெரிந்தும் அவனுக்காகப் போரிட்டு மாளும் சிங்கமுகனைப் படைத்தார்.

அந்தக் குடும்பத்தில் இன்றைய நாவலாசிரியர் கண்ணில் பட வேண்டியவன் சூரனின் மகன் இரணியன். தந்தையின் முடிவை முன்கூட்டியே உணர்ந்து, அவருக்கு ஈமக்கடன் செய்ய ஒருவனாவது மிஞ்ச வேண்டும் என்று போர்க்களத்திலிருந்து விலகுகிறான். மீனுருவம் எடுத்துக் கடலுக்குள் மறைகிறான். தேவர்களை மீன் சுமக்க வைத்த அரசனின் மகன் மீனாகிறான். வில்லனின் பிள்ளை கடலடியில் காத்திருக்க, மேலே அவன் தந்தை மாமரமாகப் பிளக்கப்படுகிறார்.